கடல் காவல்: கேளுங்க, சொல்றேன்

தமிழ்நாடு போலீஸின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சில:

பாம்பன் மீனவர்: அண்ணே, மும்பையில எவனோ சுட்டதுக்கு எங்ககிட்ட ஏன் அட்டை கேக்குறாங்க?

2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்த பயங்கரவாதிகள் பத்துப் பேரும் குபேர் என்ற போர்பந்தர் மீன்பிடிப் படகைக் கடலில் மடக்கி, அதிலேயே மும்பை வரை வந்தார்கள். கடைசியில் ரப்பர் படகில் கரையேறினார்கள். 166 பேர் செத்தார்கள். மீன்பிடிப் படகுகளோடு ஒன்றாக வந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை, மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று படகுக்கு வர்ணம், கரையோர ரேடார் எல்லாம். 2009-ல் கடல் பாதுகாப்பின் மொத்தப் பொறுப்பும் கடற்படைக்குப் போனது. அதற்கு முன் ஏதாவது நடந்தால் ஆளுக்கு ஆள் கைகாட்டலாம். நம் குழுமம் 1994-லேயே வந்துவிட்டது, இலங்கைப் பிரச்சினையால்.

சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் போலீஸ்காரர்களே கைலி கட்டி, டம்மி வெடிகுண்டோடு படகில் வருவார்கள். கரையில் இருப்பவர்கள் பிடிக்க வேண்டும். எத்தனை புதுத் துறை தொடங்கினாலும், எனக்கு நம்பிக்கை இந்த ஒத்திகையில்தான்.

ராமநாதபுரம் கல்லூரி மாணவி: டெல்லியில் என்ன மாறியது, ஐயா?

மும்பைத் தாக்குதல் நடந்த 2008 டிசம்பரிலேயே, பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் தேசியப் புலனாய்வு முகமைக்கான என்.ஐ.ஏ. சட்டம் வந்தது. டெல்லி பக்கத்து மானேசரிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படை (என்.எஸ்.ஜி.) கமாண்டோக்கள் போய்ச் சேர மணிக்கணக்கானதால், மறு வருஷமே சென்னை உட்பட நான்கு நகரங்களில் என்.எஸ்.ஜி. மையம் வைத்தார்கள். 2012-ல் பயங்கரவாத எதிர்ப்பு மையம் தொடங்கப் பார்த்தார்கள். மாநில உரிமை போகும் என்று ஜெயலலிதா உட்படப் பல முதல்வர்கள் எதிர்க்க, அது நின்றுபோனது.

தொண்டி கடைக்காரர்: அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டானாமே?

ஆமாம், 2003-ல் 22 அமைப்புகளை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்ற ஒரே துறைக்குள் கொண்டுவந்தார்கள். 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது, அதே துறைக்குள் போயிருந்த பேரிடர் அமைப்பு தடுமாறி ஊரெல்லாம் திட்டு வாங்கியது.

கீழக்கரை ஆசிரியர்: 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் கொழும்பில் எங்கே தவறியது?

துப்பு ஏப்ரல் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து போய்விட்டது. குண்டு வெடித்தது 21-ம் தேதி. இடையில் அந்தத் தகவல் மேசை மேசையாகச் சுற்றியது. அலட்சியத்துக்காக முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரியின் பையில் கை வைக்கும் இந்த மாதிரித் தீர்ப்புதான் உருப்படியான சீர்திருத்தம் என்பேன்.

தேவிபட்டினம் தம்பி: தெரியாத படகைப் பார்த்தா?

கிட்டப் போகாதே. நிறம், பதிவு எண், போகும் திசை பார்த்துக்கொண்டு நம் குழுமத்தின் 1093-க்கு போன் அடி. நடுக்கடல் என்றால் கடலோரக் காவல்படை, 1554.