நீங்களே ஒரு லூப்பர் டிசைன் பண்ணா அதுல என்னென்ன வைப்பீங்க?

நீங்க சர்க்யூட் போர்டு, சால்டரிங்னு கை வச்சுப் பாக்குற ஆள்னு நினைக்கிறேன், ஏன்னா "எத்தனை ட்ராக் வேணும், எத்தனை நிமிஷம் வேணும், எத்தனை எஃபெக்ட் வேணும்"னுதான் கேட்டிருக்கீங்க. அதெல்லாம் அப்புறம். லூப்பர்ங்கிறது நாம வாசிக்கிறத அப்பவே பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட விடுற பெட்டி, முதல்ல அதை வாசிக்கிறவன் எப்படி உக்காந்திருக்கான்னு கேளுங்க.

நான் வயலின். கர்நாடக முறை. தரையில சம்மணம் போட்டு, வயலினோட தலைய வலது கணுக்கால்ல ஊன்றி வாசிக்கிறோம். அந்தக் கால் அசைஞ்சா ஸ்ருதியே ஆடும். ரெண்டு கையும் வாத்தியத்துல. மிச்சம் இருக்கிறது இடது முழங்கால் ஒண்ணுதான். சந்தையில இருக்கிற பெரும்பாலான லூப்பர் ஷூ போட்டுக்கிட்டு நின்னு கிதார் வாசிக்கிறவருக்காக செஞ்சது, இரும்புப் பட்டன், நல்லா ஓங்கி மிதிக்கணும். நாங்க மேடையில செருப்பே போட மாட்டோம். அதனால நான் வெளில ஒரு ஃபுட்ஸ்விட்ச் மாட்டி அதை முழங்காலுக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டிருக்கேன், ஏழு வருஷமா.

"கர்நாடக சங்கீதத்துல மெஷின் எதுக்கு"ன்னு யாராவது வருவாங்க, வந்துடுவாங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். சபா கச்சேரில நான் இதைத் தொட்டதே இல்ல. கல்யாண ரிசப்ஷன்ல மட்டும்தான். பக்கவாத்தியத்துக்குக் குடுக்க முடியாதுன்னு பார்ட்டி சொல்றப்போ, கீழ்ஸ்தாயில ஒரு மீட்டு, அதுக்கு மேல ஒரு தாளக்கட்டு, அதுக்கு மேல பாட்டுன்னு அடுக்கி ஒத்த ஆளா ரெண்டு மணி நேரம் ஒப்பேத்தணும். அது லேசான வேலை இல்ல.

இனி நடந்தத சொல்றேன். கும்பகோணத்துல ஒரு ரிசப்ஷன். மிஸ்ர சாபுல ஒரு பாட்டு, தகிட தகதிமி, ஏழு. முன் வரிசையில மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், தவில் வாசிக்கிறவர்னு அப்புறம்தான் தெரியும், தொடையில தாளம் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாரு. நான் பட்டு வேட்டி. லூப்ப மூடுற, அதாவது பதிவ முடிக்கிற நேரத்துல வேட்டி வழுக்கி ஸ்விட்ச் ஒரு விரக்கடை நகந்துடுச்சு, முழங்கால் தேடிப் போய் அமுக்குறதுக்குள்ள ஏழுக்கு மேல ஒரு துளி நீண்டுடுச்சு. ஒரு துளிதான். ஆனா லூப்புல ஒரு துளி தப்புன்னா ஒவ்வொரு சுத்துலயும் அதே தப்பு வரும். அவர் விரல் தொடைக்கு மேல அப்படியே நின்னத நான் பாத்தேன். சரி நிறுத்திடலாம்னு ரெண்டு தடவ தட்டுறேன், ஒரு தட்டுதான் விழுந்துச்சு. நிறையக் கருவில ஒரே பெடல்தான், நிறுத்தணும்னா அதையே டக் டக்னு ரெண்டு தடவ அமுக்கணும், ஒரு தடவ மட்டும் அமுக்கினா ஓவர்டப்புக்குப் போயிடும், அதாவது இன்னும் ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சுடும். அவசரத்துல என் வில்லு வயலின் மரத்துல "டொக்"னு பட்டுச்சு. அந்த டொக்கும் உள்ள போயிடுச்சு. அடுத்த சுத்துலயும் டொக். அதுக்கு அடுத்ததுலயும் டொக். அவர் தலைய குனிஞ்சுக்கிட்டாரு. இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு வயித்தப் பிசையுது.

அதனால நான் கேக்குற முதல் விஷயம், நிறுத்துறதுக்குத் தனி பெடல். 2001ல வந்த பாஸ் கம்பெனியோட ஆர்சி-20 லூப்பர்லயே ரெண்டு பெடல் இருந்துச்சு, அப்புறம் பெட்டி சின்னதா இருக்கணும்னு நிறையக் கருவில ஒண்ணாக்கிட்டாங்க. இடம் மிச்சம், சரி. மேடையில மானம் போகுதே.

ரெண்டாவது, இதைத்தான் நீங்க நிதானமா யோசிக்கணும்: எடுப்பு, அதாவது தாளத்துல பாட்டு ஆரம்பிக்கிற இடம். நம்ம பாட்டு எல்லாமே சமத்துலயா, தாளத்தோட முதல் அடியிலயா ஆரம்பிக்குது? அரை இடம் தள்ளி எடுக்கிறது இருக்கு, சமத்துக்கு முன்னாடியே எடுக்கிறது இருக்கு. லூப்பருக்கோ நான் எங்க அமுக்குறேனோ அதுதான் ஒண்ணாவது அடி. லூப் சுத்துறதுனால அது மட்டும் ஓடுறப்போ தெரியாது, ஆனா உள்ள இருக்கிற ரிதம், லைட்டு, அடுத்த ட்ராக்க ஒட்ட வைக்கிறது எல்லாம் அந்தத் தப்பான இடத்துலேர்ந்து கணக்குப் பண்ணும். ஆதி தாளம், நிமிஷத்துக்கு 80 அடின்னு வச்சுக்கங்க, ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட ஒரு சுத்து, 6 செகண்டு. அரை இடம்னா 0.375 செகண்டு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா அத்தனையும் அதுலதான் இருக்கு. வாசிக்க ஆரம்பிச்ச இடம் வேற, சமம் வேறன்னு ரெண்டையும் தனித்தனியா சொல்ல வழி வேணும்.

இது ஒண்ணும் பெரிய செலவு இல்ல. கருவி ஆன்ல இருக்கிற வரைக்கும் கடைசி 10 செகண்டை எப்பவும் மெமரில வச்சுக்கிட்டே இருக்கட்டும். ஸ்டீரியோ, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 1,76,400 பைட், 10 செகண்டுக்கு 2 எம்பி கூட ஆகல. நான் வாசிச்சுக்கிட்டே, சமத்துல ஒரு தட்டு, அடுத்த சமத்துல ஒரு தட்டு. முன்னாடி வாசிச்ச எடுப்பை அதுவே பின்னாடி போய் எடுத்துக்கும். அதே மாதிரி கடைசி சுரத்தோட கார்வை, அதாவது நீண்டு ஒலிக்கிறது, லூப் முடியற இடத்துல கத்திரிச்ச மாதிரி நிக்காம தலைப்பகுதியோட கலந்து ஒலிக்கணும்.

ட்ராக்குக்கு ட்ராக் நீளம் வேற வேறயா விடணும். ஒண்ணுல கண்ட சாபு 5, இன்னொண்ணுல மிஸ்ர சாபு 7, ரெண்டும் 35ல வந்து சேரும், அந்த சேர்ற இடத்துக்காகத்தானே இவ்வளவும். அப்புறம் பழசு மெல்லத் தேயணும். 1972ல கிதார் வாசிக்கிற ராபர்ட் ஃபிரிப்பும் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் ரெண்டு ரெவாக்ஸ் டேப் மெஷின பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே டேப்ப ரெண்டுலயும் ஓட விட்டாங்க, அதுல பழைய ஓசை ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா மங்கும், புதுசுக்கு இடம் விடும். தேயவே தேயாத லூப்பு அஞ்சு நிமிஷத்துல காதுல இரைச்சலாயிடுது. அந்த அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு பெரிய திருகு போதும், மெனுவுக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க.

லேப்டாப்புல இதெல்லாம் முடியுமேன்னு சொல்வீங்க. முடியும். மண்டபத்துல கரண்டு போய் ஜெனரேட்டர் மாறுற நேரத்துல என் லூப்பர் அணைஞ்சு, பத்து நிமிஷமா அடுக்கினதெல்லாம் போன நாள் உண்டு. லேப்டாப்புல பேட்டரி இருக்கு, ஆனா ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒயர், ஸ்டாண்டுன்னு தூக்கிட்டு ராத்திரி பஸ் ஏற என்னால முடியல. லூப்பருக்குள்ளயே ஒரு நிமிஷம் தாங்குற சின்ன பேட்டரி வைங்க, அது போதும்.

கேள்விக்கு சம்பந்தம் இல்லாத ஒண்ணு, ஆனா சொல்லாம விட முடியல. ஒரு இடத்துல வாசிச்சு முடிச்சு காசு வாங்கப் போறேன், பேசினதுல பாதிதான் கைல வச்சாங்க. "ஒரு ஆள்தானே வந்தீங்க, மிச்சத்த மெஷின்தானே வாசிச்சுது"ன்னாங்க. மெஷின் வாசிக்கல சார். அதுல கேட்ட ஒவ்வொரு சுரமும் அன்னைக்கு அந்த மேடையில நான் வாசிச்சது, ஒண்ணு கூட வீட்டுல பண்ணி எடுத்துட்டுப் போகல. மூணு பேர் வேலைய ஒருத்தன் செஞ்சா கூலி ஏறணுமே தவிர எப்படி இறங்கும்? என் கூட இருபது வருஷமா வாசிக்கிற மிருதங்கக்காரனுக்கு அந்த சீசன்ல பாதி நாள் வேலை இல்ல, அந்த வருத்தமும் எனக்குத்தான்.

நீங்க நிஜமாவே செய்யப் போறீங்கன்னா முதல்ல முழங்கால் பேட். உள்ளங்கை அகலம், தட்டை, அடியில ரப்பர், மேல துணி, சத்தமே வரக்கூடாது, எந்த ஓரத்துல பட்டாலும் வேலை செய்யணும், அமுக்கின கணத்துலயே பிடிக்கணும், விடுறப்போ இல்ல. ஸ்டாப்புக்கு ரெண்டாவது பேட், தொட்டாலே வேற வேறன்னு தெரியற மாதிரி. செஞ்சு முடிச்சா கமெண்ட்ல சொல்லுங்க, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு உக்காந்து மிஸ்ர சாபுல ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாத்து எங்க வழுக்குதுன்னு சொல்றேன்.