வெயில் தாழ்ந்தபின் மதுரையில்

கேள்வி: பங்குனி வெயில் ஏறிவிட்டது. பிள்ளைகளோடு ஒரு மாலை மதுரை வந்தால் என்ன சாப்பிடலாம்? (வாசகி, திருமங்கலம்)

பதில்: 6 மணிக்கு மேல் வாருங்கள், அம்மா. முதலில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். பால் லேசாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் சரியாகச் சுண்டவில்லை என்று அர்த்தம். அடியில் கிடக்கும் பாசியை நான் ஒருநாளும் விட்டதில்லை, ஸ்பூன் கேட்டு வாங்கிவிடுவேன். அப்புறம் மாசி வீதிகளில் கொஞ்சம் நடந்தால் பசி எடுக்கும். ஆவி பறக்கும் இட்லி, இரண்டு மூன்று சட்னி. பிள்ளைகளுக்கு அது போதும். பரோட்டா, சால்னா இன்னொரு நாள் பார்க்கலாம். இந்தப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கேட்பார்கள். சுக்கு போட்ட சூடான பருத்திப்பாலை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.