இரத்தத்தில் இம்மியளவே இருக்கும் கொழுப்பை எப்படி அளக்கிறார்கள்?

ஆனந்தமைட் என்பது வலி, பசி பற்றிய செய்தியைக் கொண்டுபோக உடலே செய்யும் ஒரு கொழுப்பு. (பெயரில் இருப்பது நம்ம 'ஆனந்தம்'தான்.) கொலஸ்ட்ரோல் ஒரு மில்லிலீட்டரில் 2 மில்லிகிராம் அளவில் இருக்கும், இது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. பிரித்தெடுக்கும்போது அதிலும் ஒரு பகுதி வீணாகும். அப்புறம் எப்படிக் கணக்கு?

யாழ்ப்பாணப் பண்ணைக் கடல் பக்கம் இறால் பிடிக்கும் சிறகுவலை பார்த்திருப்பீர்கள். வர்ணம் பூசிய 100 இறாலை விட்டு 60 திரும்பினால், மற்ற இறாலும் 60 வீதம்தான் அகப்பட்டது என்று ஊகிக்கலாம். இங்கே வர்ணம் கன ஹைட்ரஜன் (பாரம் கூடிய ஹைட்ரஜன்): அதை வைத்துச் செய்தது அதே ஆனந்தமைட்தான், கொஞ்சம் பாரம் கூட. தெரிந்த அளவை முதலிலேயே கலந்துவிட்டால், திணிவு நிறமாலைமானி இரண்டையும் எடையால் பிரித்துக் காட்டும்.

உண்மையான தலையிடி வேறு. இரத்தத்தை எடுத்த பிறகும் அதிலுள்ள கலங்கள் ஆனந்தமைட்டைச் செய்துகொண்டே இருக்கும்; குழாய் யாழ்ப்பாண வெக்கையில் கிடந்தால் எண் ஏறிவிடும். உடனே ஐஸில் வைக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் போய்க் கொடுக்கும் 'லிப்பிட் புரொபைல்' இதைக் காட்டாது. அது கொலஸ்ட்ரோலுக்கும் ட்ரைகிளிசரைட்டுக்குமான சோதனை.