பெயர்ச்சீட்டு தவறான ஆர்க்கிட்டை அடையாளம் காண்பது எப்படி?

ஆர்க்கிட் பூவில் மற்ற இரண்டிலிருந்து மாறுபட்ட மூன்றாவது அல்லிதான் உதடு. மகரந்தப் பகுதியும் சூல்முடியும் இணைந்து நடுவில் நிற்பது தூண். முதலில் பார்க்க வேண்டியவை இவையே. ஒரே இனத்துக்குள்ளும் நிறம் மாறும். உதடும் தூணும் மகரந்தம் சுமக்கும் பூச்சிக்கு ஏற்ப அமைந்தவை என்பதால் எளிதில் மாறா. ஆளைச் சட்டையால் அல்ல, கைரேகையால் அறிவதுபோல.

கடைகளில் ஒன்றையொன்று என்று குழப்பிக்கொள்ளும் ஆர்க்கிட் வகைகள் ஃபலனாப்சிஸும் அதைப்போலவே பூக்கும் டென்ட்ரோபியமும். கணுக்களுள்ள நெடிய தண்டும், பூவின் பின்னே கூம்பிய புடைப்பும் இருந்தால் டென்ட்ரோபியம். ஃபலனாப்சிஸில் தடித்த இலைகள் அடியிலேயே அடுக்கியிருக்கும். பூவைப் பக்கவாட்டிலும் படமெடுங்கள். நேர்ப்படத்தில் அந்தப் புடைப்பு மறைந்துவிடும்.

இணையப் படத்தோடு நிறம் பொருந்தினால் பெயர் உறுதி என்பது தவறு: சீட்டுத் தொலைந்த கலப்பினத்துக்குத் தோற்றத்தை மட்டும் வைத்து உறுதியான பெயர் தர முடியாது.