அவள் தன் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: நான் கல்லூரி ஆசிரியை. 17 முதல் 22 வயதுவரை உள்ள ஒரு சிறு இளைஞர் குழு வார இறுதிகளில் என்னோடு கூடுகிறது. பாலியல் நலம், எச்.ஐ.வி. சிகிச்சை என்று போகும்போது இளைஞர்கள் படும் பாட்டை மருத்துவமனை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவர்களே கிளம்பியிருக்கிறார்கள். குழுவில் ஒருத்திக்கு 19 வயது. எச்.ஐ.வி. தொற்றுடன் பிறந்தவள், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாள். இது எனக்கும் குழுவில் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். அவள் சிகிச்சைக்குப் போகும் இடத்தில் பழக்கமான ஒரு அமைப்பு, டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள் கூட்டத்தில் மேடையேறித் தன் கதையைச் சொல்லும்படி அவளைக் கேட்கிறது. அவளுக்கும் ஆசை. எனக்குப் பயம். தடுத்தால் நானே அவள் வாயை மூடுவதுபோல் ஆகிவிடாதா? இன்னொரு பக்கம், ‘இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்று சில பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்க முடியாது. 19 வயதானவள், முடிவு அவளுடையது. முடிவெடுக்கும் நேரத்தில் எல்லா விவரமும் அவள் முன்னால் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. இப்போதைக்கு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒருவர் வரவே இல்லை: அந்தப் பெண்ணின் அம்மா. ‘பிறந்ததிலிருந்து எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது’ என்று மகள் மைக்கில் சொன்னால், அதே மூச்சில் அம்மாவின் விஷயமும் வெளியே வந்துவிடுகிறது. அப்பாவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். தம்பி, தங்கை இருந்தால் ‘அவர்களுக்கு டெஸ்ட் எடுத்தாயிற்றா’ என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். மகள் தன்னைப் பற்றிச் சொல்ல முழு உரிமை உள்ளவள். அம்மாவைப் பற்றிச் சொல்லும் உரிமை அம்மாவிடம் இருக்கிறது. அதனால் அமைப்புக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து பேசட்டும். அம்மா இல்லையென்றால் வளர்த்த பாட்டியோ சித்தியோ. நீங்கள் கூட இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் இருங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

அடுத்தது செல்போன். ‘யாரும் வீடியோ எடுக்க வேண்டாம்’ என்று மேடையில் அறிவிப்பார்கள்தான். கடைசி வரிசையில் ஒருவர் எடுத்தால் போதுமே. ‘இந்த வீடியோவை முதலில் பார்க்கக்கூடிய மூன்று பேர் யார்? அவர்கள் பார்த்தால் உனக்குச் சரியா?’ என்று அவளிடம் கேளுங்கள். ‘சமூகம் என்ன சொல்லும்’ என்று பொதுவாகக் கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லிவிடுவாள். வகுப்புத் தோழி, ஹாஸ்டல் வார்டன், பெரியப்பா என்று முகங்களாக யோசிக்கும்போதுதான் உண்மையான பதில் வரும். அப்போதும் ‘பரவாயில்லை’ என்றால், அது யோசித்துச் சொன்ன ‘பரவாயில்லை’.

சரி, அந்த அமைப்பிடம் நான் கேட்க நினைக்கும் கேள்விக்கு வருகிறேன். அவளிடமிருந்து அவர்களுக்கு ஏன் கதைதான் வேண்டும்? இது பல இடங்களில் நடக்கிறது. டாக்டரை மேடைக்குக் கூப்பிட்டால் கருத்து கேட்கிறார்கள், இளைஞரைக் கூப்பிட்டால் கதை கேட்கிறார்கள். அவர் அழுதால் கூட்டம் அழுகிறது, கை தட்டுகிறது, கலைகிறது. மருந்து வாங்கும் வரிசை மறுநாளும் அதே நீளத்தில் நிற்கிறது. ஏழு வருடம், எட்டு வருடமாக ஒரு சிகிச்சை மையத்துக்குப் போய்வரும் பெண்ணுக்கு அந்த மையம் எப்படி இயங்குகிறது, எங்கே சறுக்குகிறது என்பதெல்லாம் அத்துப்படி. அதைப் பேச அவள் தன் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குழுவின் பிரதிநிதியாகப் பேசலாம்.

தென்னாப்பிரிக்கச் சிறுவன் நிகோசி ஜான்சனைச் சிலருக்கு நினைவிருக்கும். தொற்றுடன் பிறந்தவன். 1997இல் பள்ளியில் சேர்ப்பதற்கே எதிர்ப்பு வந்து, அந்த விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2000ஆம் ஆண்டு டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் 11 வயதில் பேசினான். அந்தச் சின்ன உருவத்தைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால் அன்று அவன் ஒரு கோரிக்கையும் வைத்தான்: கர்ப்பிணித் தாய்மாருக்குத் தொற்று பிள்ளைக்குப் போகாமல் தடுக்கும் மருந்தை அரசு கொடுக்க வேண்டும். மறுவருடமே இறந்துபோனான். 2002இல், ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்’ என்ற இயக்கம் தொடுத்த வழக்கில், நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அப்படியொரு மருந்தைக் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. நிகோசி பேசியதால்தான் தீர்ப்பு வந்தது என்று நான் சொல்லவில்லை. வக்கீல்களும் டாக்டர்களும் தெருவில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களும் சேர்ந்து இழுத்த தேர் அது. உங்கள் பெண் தனியாக மேடையில் நிற்கிறாளா, பின்னால் வடம் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் யோசித்த பிறகும் அவள் சொல்லத்தான் விரும்புகிறாள் என்றால், கூடவே நில்லுங்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அவளே எழுதிவைத்துக்கொள்ளட்டும். பேச்சைவிடக் கேள்வி நேரம்தான் ஆபத்து. ‘கல்யாணம் பண்ணிக்கொள்வாயா?’, ‘யாரால் வந்தது?’ என்று கூசாமல் கேட்பார்கள். ‘அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அடுத்த கேள்வி’ என்று சிரித்த முகத்தோடு சொல்ல அவளைப் பழக்குங்கள். நீங்களே கூட்டத்தில் ஒருவராக நடித்து, கூச்சப்படாமல் மோசமான கேள்விகளைக் கேளுங்கள். மேடைப் படியில் கால் வைத்த பிறகு மனம் மாறினாலும் இறங்கி வந்துவிடலாம் என்பதை முன்கூட்டியே அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்குப் பதிலாக யார் என்ன பேசுவார் என்பதும் தயாராக இருக்கட்டும். பேசி முடித்த மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு போன் பண்ணுங்கள். கைதட்டல் அடங்கிய பிறகு வரும் வெறுமை பொல்லாதது.

இனி குழுவின் மருத்துவமனைத் திட்டம். உண்மையைச் சொன்னால், டிசம்பர் 1 மேடையைவிட இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

‘விழிப்புணர்வு வேண்டும்’, ‘இளைஞர்களை மதியுங்கள்’ என்று போனால் நிர்வாகம் தலையாட்டிவிட்டு அனுப்பிவைக்கும். யாரால் எதை மாற்ற முடியும் என்று பார்த்து, அவரிடம் அதை மட்டும் கேட்க வேண்டும். அதற்கு முதலில் பிள்ளைகள் அந்த இடத்தை நோயாளியின் கண்ணால் பார்த்து வரட்டும். வாசலில் என்ன பலகை மாட்டியிருக்கிறது? உள்ளே போகும்வரை ‘எதற்கு வந்தாய்?’ என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்களா? கவுன்சலர் அறைக் கதவு சாத்துமா, அரைகுறையாகத் திறந்தே கிடக்கிறதா? கல்யாணமாகாத பெண் கருத்தடை பற்றிக் கேட்டால் நர்ஸ் முகம் எப்படி மாறுகிறது? பையன் பால்வினை நோய்க்கு வந்தால் யார் முன்னால் கேள்வி கேட்கிறார்கள்? இந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் யாரும் ‘சின்னப் பிள்ளைகள்’ என்று ஒதுக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸும் 2015இல் வளரிளம் பருவத்தினருக்கான மருத்துவ சேவை எப்படி இருக்க வேண்டும் என்று எட்டுத் தர அளவுகோல்களை வெளியிட்டன. சேவையைத் திட்டமிடுவதிலும் மதிப்பிடுவதிலும் இளையோரே பங்கெடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள், எடை கூடும்.

ஒரு உதாரணம். மாதாமாதம் மருந்து வாங்க வரச்சொன்னால், கல்லூரி மாணவி மாதாமாதம் ஒரு பொய் சொல்லி லீவு போட வேண்டும். ஹாஸ்டலில் மாத்திரை டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து பஞ்சு அடைத்து வைப்பவர்கள், வேறு டப்பாவுக்கு மாற்றி வைப்பவர்கள் எல்லாம் உண்டு. சிகிச்சை சீராகப் போகிறவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தைச் சேர்த்தே கொடுக்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ‘எங்களுக்கு அது வேண்டும், அப்புறம் வாரத்தில் ஒருநாளாவது சாயங்காலம் மையம் திறந்திருக்க வேண்டும்’ என்பது ஒரு தெளிவான கோரிக்கை. இதற்கு ‘ஆகும், ஆகாது’ என்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு சோதனை வரும். கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு அதிகாரி உங்கள் முகத்தைப் பார்ப்பார். ஆசிரியை அல்லவா, வாய் துறுதுறுக்கும். குனிந்து நோட்டில் எதையாவது எழுதிக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பார்வை தானாகப் பிள்ளைகள் பக்கம் திரும்பும்.

பேசுகிறவர்களுக்கு அடிப்படை விவரம் பிசகக் கூடாது. தொற்று ஏற்பட வாய்ப்புள்ள சம்பவம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தொற்று ஏற்பட்ட சில நாளிலேயே டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட் நெகட்டிவ் என்று தவறாகக் காட்டலாம் என்பதும். சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாகத் தொற்று துணைக்குப் பரவாது. இதை நம்பாத படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2019இல் முடிவு வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ஒருவருக்குத் தொற்றும் சிகிச்சையும் இருந்த 782 ஆண் ஜோடிகளை ஆணுறை இல்லாத உறவில் கவனித்துப் பார்த்தார்கள். துணையிடமிருந்து துணைக்கு ஒருமுறைகூடப் பரவவில்லை. மற்ற பால்வினை நோய்களுக்கும் கர்ப்பத்துக்கும் இது பொருந்தாது, அதற்கு ஆணுறை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போஸ்டரோ பேச்சோ, எதுவானாலும் ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு வெளியே விடுங்கள். தெரியாததைக் கேட்டால் ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்றால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

இளைஞர்கள் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா என்று யாராவது இழுத்தால் ஜிம்பாப்வேயைச் சொல்லுங்கள். அங்கே ‘ஸ்வாண்டிரி’ என்ற திட்டத்தில், எச்.ஐ.வி.யுடன் வாழும் இளைஞர்களே பயிற்சி பெற்று மற்ற பிள்ளைகளின் வீடு தேடிப் போய்ச் சிகிச்சையில் துணை நிற்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில், வழக்கமான சேவையில் இருந்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு வைரஸ் கட்டுப்படாமல் போனது, அல்லது இறந்தார்கள். இந்தத் திட்டத்தில் அது 25 சதவீதம். ஆனால் அவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் உண்டு. உங்கள் குழுவுக்கும் பஸ் செலவு, சாப்பாடு, பேசும் நாளுக்கு ஒரு தொகை என்று யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும். ‘தொண்டு’ என்று சொல்லி இளைஞரிடம் இலவசமாக வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம். பரீட்சை நேரத்தில் கூட்டம் வைப்பதும்.

பெற்றோர் விஷயத்தில் அதிகம் வாதாட வேண்டாம். பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவில் இறக்கிவிடாது, தள்ளிப்போடவே உதவுகிறது, ஆணுறைப் பயன்பாட்டைக் கூட்டுகிறது என்று யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. அதைச் சொல்லுங்கள். அதைவிட, ஒருநாள் அவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்து, குழு என்ன பேசுகிறது என்று கேட்கவிடுங்கள். அன்று யாருடைய சொந்த விஷயமும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் வர வேண்டாம். அந்த வயதில் டெஸ்டுக்கு யார் சம்மதம் தர வேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் சட்டத்தை விசாரித்துவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இப்படிப்பட்ட குழுக்களில் என்றாவது ஒரு பிள்ளை, தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வயது குறைந்த பிள்ளை என்றால் புகார் தெரிவிப்பது சட்டக் கடமையாகவே இருக்கலாம். ‘நீ சொல்வதை நம்புகிறேன். யார் உதவி தேவையோ அவரிடம் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டுப் போவேன்’ என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. யாரிடம் போவது என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்கு இரண்டு மூன்று பேர் போகட்டும். அந்தப் பெண்ணும் போக விரும்பினால் மற்றவர்களோடு ஒருத்தியாகப் போகலாம். ஒரே பக்கத்தில் மனு, அதில் இரண்டு கோரிக்கை. கிளம்பும்போது ‘எப்போது பதில் சொல்வீர்கள்?’ என்று தேதி கேட்டு, அவர்கள் கண்முன்னாலேயே எழுதிக்கொள்ளட்டும். அந்தத் தேதியில் போன் பண்ண வேண்டியது யார் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். அது நீங்களாக இருக்க வேண்டாம்.