ஸ்மார்ட்போனின் சீரியல் நம்பரை எங்கே பார்ப்பது? போன் தொலைந்துவிட்டால் அந்த எண்ணை எப்படி எடுப்பது?

போன் கையில் இருந்தால் இது அரை நிமிட வேலை. இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் அலைய வேண்டியிருக்கும். அப்படி அலைந்தவன் என்பதால் இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சீரியல் நம்பர் வேறு, ஐஎம்இஐ வேறு. சீரியல் நம்பர், போனைத் தயாரித்த கம்பெனி தன் கணக்குக்காகப் போடுவது. பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். வாரண்டி பார்க்கவும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கவும் அது உதவும். ஐஎம்இஐ 15 இலக்கம், எழுத்தே இருக்காது. நெட்வொர்க் உங்கள் போனை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். போலீஸ் கேட்பதும், தொலைந்த போனை முடக்கத் தேவைப்படுவதும் இதுவே. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ உண்டு. புகாரில் இரண்டையும் கொடுக்க வேண்டும்.

போன் கையில் இருக்கிறது என்றால், கால் செய்யும் இடத்தில் *#06# என்று அடியுங்கள். கால் பட்டனைத் தொட வேண்டியதே இல்லை, ஐஎம்இஐ தானாகத் திரையில் வரும். பல போன்களில் சீரியல் நம்பரும் அதே பெட்டியில் தெரியும். தெரியாவிட்டால் ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், பெரும்பாலும் அதன் கடைசியில் அபவுட் போன். சாம்சங்கில் அந்தப் பக்கத்தின் மேலேயே இருக்கும். வேறு சில கம்பெனிகளில் ஸ்டேட்டஸ் என்று இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட். எண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் காப்பி எடுத்துக்கொள்ளலாம். கையால் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆப்பிள் சீரியல் நம்பரில் ஓ என்ற எழுத்து வராது, வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்ஜியம்தான்.

இதற்கென்று தனியாக ஆப் எதுவும் போட வேண்டாம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சாதாரண ஆப்களால் சீரியல் நம்பரையோ ஐஎம்இஐயையோ படிக்கவே முடியாது. கூகுளே அதை அடைத்துவிட்டது. காட்டுகிறேன் என்று சொல்லும் ஆப் வேறு எதற்கோ வந்திருக்கிறது.

இனி கையில் போன் இல்லாத கதை. போன வருடம் பொங்கல் முடிந்த வாரம். எங்கள் அப்பா திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போது சட்டைப் பையில் போன் இல்லை. விழுந்ததா, எடுத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தால் ஸ்விட்ச் ஆஃப். எப்போதோ வாரண்டி பார்ப்பதற்காக அப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஓர் எண் இருந்தது. அதை எழுதிக்கொண்டு தைரியமாக ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கம்பெனி நம்பர் தம்பி. ஐஎம்இஐ 15 நம்பர் இருக்கும். போன் வந்த பெட்டியில ஒட்டியிருப்பான், எடுத்துட்டு வாங்க."

பெட்டியை அம்மா பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, காலிப் பெட்டி என்றுதானே எல்லோரும் நினைப்போம்.

அடுத்த வழி கூகுள் கணக்கு. தொலைந்த போனில் இருந்த அதே ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, கூகுளின் போன் தேடும் பக்கத்துக்குப் போனால், போனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தகவல் குறியைத் தொட்டதும் ஐஎம்இஐ தெரியும். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் கணக்கில் சாதனங்கள் பட்டியலிலேயே சீரியல் நம்பர், ஐஎம்இஐ இரண்டும் இருக்கும். ஆனால் அப்பாவின் ஜிமெயில், போன் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மீட்கலாம் என்று பார்த்தால் ஓடிபி தொலைந்த நம்பருக்கே போகிறது. வீட்டில் பெரியவர்கள் போன் எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை உட்கார்ந்து அதைச் சரிசெய்து கொடுங்கள்.

கடைசியில் கிடைத்தது பில். எல்ஐசி ஃபைலுக்குள் மடித்து வைத்திருந்தார் அப்பா. மெஷினில் சூட்டில் அச்சாகும் அந்த வழுவழுத் தாள் மூன்றே வருடத்தில் வெளுத்துப்போயிருந்தது. டியூப்லைட் அடியில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஐஎம்இஐயின் ஓர் இலக்கம் சுத்தமாக இல்லை. 14 தெரிகிறது, ஒன்று தெரியவில்லை.

அன்றிரவுதான் இந்த எண்ணுக்குள் ஒரு கணக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டேன். முதல் 8 இலக்கம் போனின் மாடலுக்கு உரியது. அடுத்த 6 அந்த ஒரு போனுக்கு மட்டும் உரியது. கடைசி இலக்கம், மற்ற 14-ம் சரியா என்று பார்ப்பதற்காக வைத்தது. இடமிருந்து 2, 4, 6 என்று இரட்டைப்படை இடங்களில் இருக்கும் இலக்கங்களை இரண்டால் பெருக்குங்கள். பெருக்கியது 18 போல இரண்டு இலக்கமாக வந்தால் ஒன்றையும் எட்டையும் கூட்டி 9 என்று வையுங்கள். ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை பத்தின் மடங்காக இருக்க வேண்டும். 490154203237518 என்ற எண்ணில் போட்டுப் பாருங்கள், 60 வரும். ஓர் இலக்கம் மட்டும் அழிந்திருந்தால், அந்த இடத்தில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும்போது ஒன்றே ஒன்றுதான் பொருந்தும். நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 7 பொருந்தியபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியாது. அந்த போனில் பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள் இருந்தன, பேங்க் ஆப்பும் இருந்தது.

மறுநாள் அதைக் கொடுத்து ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்கினேன். அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் எடுத்தோம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்கும் பகுதியில் ஐஎம்இஐ, புகார் நகல் எல்லாம் ஏற்ற வேண்டும். ஓடிபி வந்தால்தான் வேலை முடியும். புது சிம் எடுத்த முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஓடிபிக்காக ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். நீங்கள் சிம்மை முதலில் எடுத்துவிடுங்கள், மற்ற காகிதங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். முடக்கிவிட்டால் அந்த போன் இந்தியாவில் எந்த கம்பெனி சிம்மிலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீஸுக்குப் போகும். போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

போனை ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சர்வீஸில் மதர்போர்டு மாற்றினால் ஐஎம்இஐயும் மாறிவிடும். பிறகு பெட்டியிலும் பில்லிலும் இருப்பது பழைய எண். எனவே போனைத் திரும்ப வாங்கும்போதே *#06# அடித்துப் பார்த்து, மாறியிருந்தால் புது எண்ணை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிம் ட்ரேயில் எண் பொறித்திருக்கிறது என்று அதை மட்டும் நம்பவும் வேண்டாம், ட்ரேயைக் கழற்றி மாற்றுவது சுலபம்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதற்காக இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், கடையிலேயே *#06# அடித்து வரும் எண்ணையும் பில், பெட்டியில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். பிறகு ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தும், ஓர் இடைவெளியும், 15 இலக்கமும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்றோ, வேறு போனிலும் அதே எண் இருக்கிறது என்றோ பதில் வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஐஎம்இஐயை மாற்றி எழுதுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

அப்பாவுக்கு வாங்கிய புது போனின் எண்கள் இருக்கும் பெட்டி, பில் இரண்டையும் படம் எடுத்து எனக்கும் தங்கைக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். அம்மா அந்த எண்களை மளிகைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.