முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்

போட்டோ எடிட்டிங் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'மாஸ்க்' சம்பந்தப்பட்டவை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: படத்தில் எந்த இடம் மட்டும் மாற வேண்டுமோ, அங்கே பிரஷால் தீட்டிக் கொள்வதற்குப் பெயர் மாஸ்க். தீட்டிய இடத்தில் வெளிச்சமோ நிறமோ மாறும். மற்ற இடம் அப்படியே இருக்கும்.

கேள்வி: பொழுதுபோக்குக்குத்தான் படம் எடுக்கிறேன். மாதாமாதம் சந்தா கட்டாமல் மாஸ்க் வசதி கிடைக்குமா? (ஈரோடு)

கிடைக்கும். டார்க்டேபிள் என்கிற எடிட்டிங் மென்பொருள் இலவசம், விண்டோஸிலும் ஓடும். பிரஷ், வட்டம், கிரேடியன்ட் (படிப்படியாக மங்கும் பகுதி) என்று பல விதமாக மாஸ்க் போடலாம். தீட்டிய இடத்துக்குள்ளேயே 'இருட்டான பகுதி மட்டும்' என்று மேலும் சுருக்கவும் முடியும். முதல் இரண்டு வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும், பழகிவிடும். ஜேபெக் (சாதாரணப் படக் கோப்பு) மட்டும் என்றால் கிம்ப் என்கிற இலவச மென்பொருளே போதும். அதில் லேயர் (படத்தின் மேல் வைக்கும் அடுக்கு) மாஸ்க்கில் வெள்ளை தீட்டினால் அந்த லேயர் தெரியும், கறுப்பு தீட்டினால் மறையும், சாம்பல் பாதி காட்டும். இதைக் கையில் பழகிய பிறகும் போதவில்லை என்றால் அப்போது காசு செலவு செய்யுங்கள்.

கேள்வி: 499 ரூபாய்க்கு 5,000 பிரீசெட் வாங்கினேன். 'ஒரே கிளிக்கில் முகம் பளிச்' என்று விளம்பரம். என் படத்தில் முகம் மாறவே இல்லை. (கடலூர்)

மாறாது. பிரஷ் பிரீசெட் என்பது எக்ஸ்போஷர் (வெளிச்சம்) இவ்வளவு, டெக்ஸ்சர் (தோலின் நுண் விவரம்) இவ்வளவு என்று முன்பே சேமித்து வைத்த எண்கள்தான். எங்கே தீட்டுவது என்பது அதில் இல்லை, அதை உங்கள் கைதான் செய்ய வேண்டும். அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் ஆளையும் வானத்தையும் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது 2021 அக்டோபரில். அதைப் பயன்படுத்தும் பிரீசெட்டுகள் அதற்குப் பிறகு வந்தவை. உங்களுக்கு விற்றது பழைய சரக்காக இருக்க வேண்டும். நானும் இப்படி ஒரு மூட்டை வாங்கி, அதில் நான்கைக்கூடப் பயன்படுத்தாமல் விட்டவன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் பணம் கட்டிய ரசீதும் இருந்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்யுங்கள். 499 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கேள்வி: நண்பர் கிராக் செய்த (பணம் கட்டாமல் பூட்டை உடைத்த) போட்டோஷாப் தருகிறார். போடலாமா? (மதுரை)

கூடாது. வாடிக்கையாளர் படங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் இதைக் கேட்கவே கூடாது.

கேள்வி: அக்கா கல்யாண ஆல்பத்துக்கு 65,000 ரூபாய் கொடுத்தோம். எல்லாப் படத்திலும் அவள் முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கிறது. கழுத்தும் கையும் அவளுடைய மாநிறம். கேட்டால் "எல்லாரும் இதைத்தான் விரும்புறாங்க" என்கிறார்கள். மாற்றித் தரத் தனிப் பணமாம். (திருவண்ணாமலை)

உங்கள் அக்கா மேல் ஒரு தவறும் இல்லை. அவரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான படங்களை எடிட்டர் ஒருவர் தலையில் கட்டியிருப்பார்கள். அவர் முகத்தில் மட்டும் பிரஷை ஓட்டி, எக்ஸ்போஷரை ஏற்றி, டெக்ஸ்சரைக் குறைத்து, அதே மாஸ்க்கை அடுத்த படத்துக்கும் காப்பி செய்திருப்பார். கழுத்து, காது, கையெல்லாம் தீட்ட நேரம் இல்லை. சில படங்களில் பெண் தலையைத் திருப்பியிருப்பாள், பழைய மாஸ்க் நகராமல் நின்று மாலையில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். பாருங்கள், இருக்கும்.

இது அவசரத்தில் அரைகுறையாகச் செய்த வேலை. அதைவிடப் பெரிய குற்றம், நிறத்தை மாற்றலாமா என்று அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்காதது. மாஸ்க் எதற்கு? மேடை விளக்கு பின்னால் இருந்து அடித்து முகம் இருண்டால், ஃப்ளோவை (பிரஷ் ஒரு தீட்டலில் விடும் அளவை) குறைத்து, கழுத்தையும் கையையும் சேர்த்துத் தீட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்குவதற்கு. மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகத் தெரிய வேண்டும். தோல் நிறத்தை ஸ்டூடியோ முடிவு செய்யக் கூடாது.

என் தம்பி கல்யாணத்தில் எங்கள் அம்மாவுக்கு இதைத்தான் செய்தார்கள். முழுப் பணத்தையும் கொடுத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் அந்த ஆல்பத்தை வாங்கி வந்தது நான். அம்மா இப்போது இல்லை. அவர் சிரிக்கிற ஒரே நல்ல படத்தில் அவருடைய நிறம் இல்லை. அதனால் சொல்கிறேன், விடாதீர்கள்.

முதலில் எடிட் செய்யாத மூலப் படங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரா ஃபைலில் (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பில்) வேலை செய்திருந்தால் மூலம் கெடாது. மாஸ்க் தனியாகத்தான் பதிவாகும், நீக்குவது சில நிமிட வேலை. ஜேபெக்கின் மேலேயே சேமித்திருந்தால் பழைய நிறம் திரும்பாது, அதனால் தாமதம் வேண்டாம். கூலி இல்லாமல் திருத்தி மறுபடி அச்சிட்டுத் தர 15 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள். மசியவில்லை என்றால் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

மற்றவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: 'தோல் நிறம் மாற்றக் கூடாது. பத்துப் படம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மீதி வேலை.'

கேள்வி: எடிட்டிங் மென்பொருள் சந்தாவை நான்காவது மாதம் நிறுத்தினேன். அபராதம் கேட்கிறார்கள். மாதச் சந்தா என்றுதானே சேர்ந்தேன்? (நாமக்கல்)

எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை. அடோபியில் 'ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டணம்' என்று ஒன்று உண்டு. முதல் 14 நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும். அதற்குப் பிறகு விலகினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். எட்டு மாதம் மிச்சம் என்றால் நான்கு மாதப் பணம். இந்தக் கட்டணத்தைச் சரியாகக் காட்டாமல் ஆள் சேர்க்கிறார்கள் என்று, நுகர்வோர் நலனைக் காக்கும் எஃப்டிசி அமைப்பின் பரிந்துரையில், அமெரிக்க அரசு 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. இந்தியாவிலும் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் 'சந்தாப் பொறி'யை (சேர்வது எளிது, விலகுவது கடினம் என்கிற தந்திரத்தை) தடை செய்கின்றன. உங்களுக்கு வந்த திரையில் அபராதம் ஒளிந்திருந்ததா? படம் எடுத்து 1915க்கு அனுப்புங்கள். தெளிவாக எழுதியிருந்தும் படிக்காமல் அழுத்தினீர்களா? அப்படியானால் கட்டத்தான் வேண்டும். விலை பார்க்கிறோம், நிபந்தனை பார்ப்பதில்லை, வாராவாரம் இதே கடிதம் வருகிறது.

கேள்வி: மவுஸில் தீட்டினால் கை நடுங்குகிறது. பெரிய பென் டேப்லெட் (பேனாவால் தீட்டும் பலகை) வாங்கலாமா? 8,192 அழுத்த நிலை வேண்டுமா? (கோவை)

சின்னதே போதும். பெரியதை வாங்கினேன், மேசையில் இடம் இல்லாமலும் தோள் வலித்தும் மூன்று மாதத்தில் எடுத்து வைத்தேன். மாஸ்க் வேலையில் 8,192க்கும் 4,096க்கும் வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியாது. பேனா முனை தனியாகக் கிடைக்கிறதா, உங்கள் கம்ப்யூட்டருக்கு டிரைவர் உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: வானத்தை இருட்டாக்கினால் கோபுரத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுகிறது. வேறு மென்பொருள் வாங்கட்டுமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். லைட்ரூம் என்றால் கீபோர்டில் O என்கிற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள், தீட்டிய இடம் சிவப்பாகத் தெரியும். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, விளிம்பில் சின்ன பிரஷால், ஃபெதரை (பிரஷ் விளிம்பின் மென்மையை) குறைத்து, கோபுரம் வரை நிரப்புங்கள். சிற்பங்களின் மேல் வழிந்ததை ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு அழியுங்கள்.